கிரவுண்டில் புதைத்தது

செத்த கோழியை அள்ளுவதற்கு ஒரு முறை இருக்கிறது. காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. புழுங்கிச் செத்த கோழி என்றால் தோல் கழன்று கையோடு வரும். வயிற்றுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து ஏந்தித்தான் சாக்கில் போட வேண்டும். பதினோரு வருஷமாகக் கொட்டகையில் கோழி வளர்க்கிற சின்னவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பதோ ஐம்பதோ செத்தால் முறை பார்க்கலாம். அந்தப் புதன்கிழமை மத்தியானம் செத்தது இரண்டாயிரத்து அறுநூறு. முதல் நூறு வரைக்கும் ஏந்தித்தான் போட்டாள். அப்புறம் தீவனம் வாருகிற மண்வாரியை எடுத்துக்கொண்டாள்.

வாரிக் கொட்டுவாள், வெளியே ஓடிப்போய் வாந்தி எடுப்பாள், திரும்ப வந்து வாருவாள். மூக்கில் கட்டிய துணியையும் மீறி நாற்றம் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. முப்பத்து நாலு நாள் வளர்த்த கோழிகள். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுப்பது. கொட்டகையும் உழைப்பும் இவர்களுடையது. இன்னும் நாலு நாள் போயிருந்தால் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கும்.

சாக்கில் விழும்போது அங்கங்கே ஒரு கோழியின் முதுகில் ஊதாக் கறை தெரிந்தது. அது சின்னவளின் கைவேலை. புழுக்கம் தாங்காமல் கோழிகள் ஒன்றையொன்று கொத்தும். சிவப்பாகப் புண் தெரிந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் அங்கேயே கொத்திக் குடலை எடுத்துவிடும். அதனால் கொத்துப்பட்டதைப் பிடித்துப் புண்ணின் மேல் ஊதா மருந்து தடவிவிடுவாள். சிவப்பு மறைந்துவிட்டால் மற்றவை சும்மா இருக்கும். சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தக் கொட்டகையிலும் இந்த வழக்கம் கிடையாது. இதைச் சொல்லிக்கொடுத்ததே அவளுடைய அக்காள்தான். அக்காளுக்குப் பெரியவள் என்று பேர். அக்காள் தங்கை இரண்டே பேர் என்பதால் ஊர் வாயில் பெரியவள், சின்னவள் என்றே நிலைத்துவிட்டது. பெரியவள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. பிள்ளைகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் தடவுகிற மருந்து, அங்கேயிருந்து முதல் பாட்டிலை அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள்.

இத்தனையும் செத்தது எப்படி என்றால், சின்னவளின் கைத்தவறால்தான். அதை அவள் மறைக்கவும் இல்லை, மறக்கவும் முடியவில்லை.

கொட்டகைக்குள் மேலே குழாய் ஓடுகிறது. குழாயில் சின்னச் சின்ன மூக்கு. மோட்டாரைப் போட்டால் புகை மாதிரித் தண்ணீர் தூவும், கோழிகள் குளிர்ந்துவிடும். மூன்று கோடையாக அவள் கோழிகளைக் காப்பாற்றியது இந்தத் தூவலால்தான். பக்கத்துக் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகச் செத்தபோது இவளுடையதில் கை விரலால் எண்ணிவிடலாம். ஆனால் அந்தக் கோடையெல்லாம் காய்ந்த கோடை. காற்று சருகு மாதிரி இருக்கும், தூவின தண்ணீரை அப்படியே குடித்துவிடும். இந்த வருஷம் வெயிலின் குணமே மாறிப்போயிருந்தது. நாலு நாளாக மேகம் மூடிக்கொண்டு, ஒரு சொட்டும் விழாமல், இலை அசையாமல், வெந்நீர்ப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி ஒரு வெக்கை. புதன்கிழமை ஒரு மணிக்குக் கரண்டும் போனது. காற்றாடிகள் நின்றன. சின்னவள் ஓடிப்போய்த் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சினை இழுத்துவிட்டுத் தூவலைப் போட்டாள். புதிதாகத் தொழிலுக்கு வந்தவளாக இருந்தால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பாள், பாதியாவது பிழைத்திருக்கும். தெரிந்தவளாகப் போனதுதான் வினை. காற்றாடி இல்லாமல், ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் மேலும் ஈரம் ஏறி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிய கோழிகள் அப்படியே குந்தின இடத்தில் சரிந்தன. அரைமணி நேரம். அவ்வளவுதான்.

தீவனம் வாங்கப் போயிருந்த புருஷன் மூன்று மணிக்கு வந்தான். எதற்கெடுத்தாலும் “பாத்துக்கலாம்” என்று சொல்கிறவன். ஊரில் அவனுக்கு அதுவே பேர். வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

“தூவல் போட்டியா?”

“போட்டேன்.”

“காத்தாடி?”

“கரண்டு இல்ல.”

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். “சரி, வுடு. உன்னாலதான்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா? பாத்துக்கலாம்.”

சொல்லவில்லை, உண்மைதான். சொல்லாமல் சொல்வதில் அவன் கைதேர்ந்தவன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இதே வார்த்தையை நாலு தடவை சொன்னான். ஒவ்வொரு தடவையும் அவள் வாய்க்கு ஒரு தையல் விழுந்தது.

கம்பெனி சூப்பர்வைசர் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சென்ட் போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வண்டியை விட்டு இறங்காமலே பேசினான்.

“மார்ட்டாலிட்டி எவ்ளோ?”

செத்தது என்று சொல்ல மாட்டான். கம்பெனியில் எதுவும் சாவதில்லை, எல்லாம் மார்ட்டாலிட்டி.

“ரெண்டாயிரத்து அறுநூறு சார்” என்றான் பாத்துக்கலாம்.

“நாளைக்குச் சாயங்காலம் பெரிய சார் ரவுண்ட்ஸ் வர்றார். அப்ப இங்க ஒரு இறகு இருக்கக் கூடாது. ரூல் தெரியுமில்ல? சொந்த இடம், ஆறடி ஆழம், மேல சுண்ணாம்பு.”

“எங்க இடத்துல குழி வெட்ட இடமே இல்லை சார். தூவல் போடறதுக்கு முன்ன செத்தது, அதுக்கும் முன்ன வருஷத்துது...”

“எங்க வெட்டினீங்க, எப்படி வெட்டினீங்கன்னு நான் கேக்கவே இல்லையே. இறகு இருக்கக் கூடாது. அவ்ளோதான் என் வேலை.” கைக்குட்டைக்குள்ளிருந்தே ஒரு பெருமூச்சு விட்டான். “என்ன பண்றது, பருவநிலை மாற்றம். யார் கையில என்ன இருக்கு.”

போகும்போது கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். அந்த வார்த்தையை டிவியில் யாரோ படித்தவர்கள் எதற்கோ சொல்லியிருப்பார்கள். இவன் அதைச் சோப்பு மாதிரி எடுத்துக் கையைக் கழுவிக்கொண்டு போனான். அந்த சென்ட் நாற்றம் போகிற வரைக்கும் சின்னவள் சாக்குகளின் பக்கத்திலேயே போய் நின்றாள்.

வியாழக்கிழமை காலையில் பொக்லைன்காரர் வந்தார். கொட்டகைக்குப் பின்னால் பழைய குழி இல்லாத இரண்டு இடத்தில் இறக்கிப் பார்த்தார். இரண்டடிக்குக் கீழே இரும்புப் பல் கிறீச்சென்று தேய்ந்ததே தவிர ஒரு கை மண் வரவில்லை. ஐந்து வருஷம் மழை இல்லாமல் வெந்த நிலம்.

“அண்ணே, இது மண்ணு இல்ல, சிமெண்டு. இதுல ஆறடி போகணும்னா ரெண்டு நாள் ஆகும். உங்க சாக்கு ரெண்டு நாள் தாங்குமா?”

சாக்குகள் அப்போதே உப்ப ஆரம்பித்திருந்தன. அடியிலிருந்து கறுப்பாக ஏதோ கசிந்து, அதன் மேல் ஈ, தார் ஊற்றின மாதிரி.

“வேற இடம்?” என்றான் பாத்துக்கலாம்.

“கிரவுண்டு இருக்குதே. சும்மா வெண்ணெய் மாதிரி மண்ணு.”

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். “அது குளம்ங்க” என்றாள்.

குளம்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வரை மூழ்காமல் தாண்ட முடியாத குளம். முதல் இரண்டு வருஷம் காய்ந்து கிடந்தபோதும் ஊரார் குளம் என்றுதான் சொன்னார்கள். மூன்றாவது வருஷம் வாலிபப் பையன்கள் நடுவில் குச்சி நட்டுப் பந்து விளையாடத் தொடங்கினார்கள். கிரவுண்டு என்றார்கள். அப்புறம் காய்கறிக்காரர் கிரவுண்டு பக்கம் வண்டி நிறுத்தினார். பஸ் கண்டக்டர் “கிரவுண்டு எல்லாம் இறங்கு” என்றார். கல்யாணப் பத்திரிகையில் கூட ‘கிரவுண்டு அருகில்’ என்று அச்சடித்தார்கள். தண்ணீர் போய், அதன் பிறகு பேரும் போய்விட்டது. கரைக்குக் கீழே பள்ளத்தெரு. தெருவின் நடுவில் பொதுக்கிணறு, கிணற்றை ஒட்டினாற்போல் பெரியவளின் வீடு. கிணறும் அடி தெரிய வற்றிப்போய், லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக்கிடக்கும் தெரு அது.

“குளமா? எந்த ஊர்ல குளத்துல பஸ் ஸ்டாப் இருக்கு?” என்றான் பாத்துக்கலாம். பொக்லைன்காரர் சிரித்தார்.

“கீழ அக்கா வீடு இருக்குங்க. கிணறு இருக்கு.”

“வத்தின கிணறு. தண்ணி இருந்தாத்தானே கெடும்? இந்த அஞ்சு வருஷமா பேயாத மழை நம்ம கோழியப் பொதைச்சதும் பேஞ்சிரப் போகுதா? இங்க பாரு, நான் யாருக்காக இவ்ளோ பாடுபடறேன்? உன்னாலதான்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா?”

சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த இடத்தில் மூடியிருக்கக் கூடாது. மூடினாள்.

முன்னெல்லாம் திருட்டு வேலைக்கு ஊர் உறங்குகிற நேரத்தைப் பார்ப்பார்கள். இப்போது அது வேண்டியதில்லை, உச்சிப்பொழுதே போதும். பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு நாய் கூடத் தெருவில் நடமாடாது. சன்னல் எல்லாம் சாத்தியிருக்கும், ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு ஆளாளுக்குத் தரையில் கிடப்பார்கள். அந்த நேரத்தில் டிராக்டரில் சாக்குகளை ஏற்றிக் கிரவுண்டின் வடமூலைக்குக் கொண்டுபோனார்கள். பொக்லைன்காரர் நாலடி வெட்டினார். அதற்கு மேல் நிற்க அவருக்கும் முடியவில்லை. சாக்கைப் பிரிக்காமல் எறிந்தார்கள், விழுந்த வேகத்தில் பலதும் கிழிந்தன. ஒன்று குழியின் ஓரத்தில் விழுந்து வெடித்தது. உள்ளிருந்து வந்த காற்றில் பொக்லைன்காரர் இறங்கி ஓடி, முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பத்து மூட்டை சுண்ணாம்பு போட வேண்டிய இடத்தில் இருந்தது மூன்று மூட்டை. மேலே மண்ணைத் தள்ளி, வண்டியை நாலு தரம் ஏற்றி இறக்கி மட்டம் தட்டினார்கள். காலடியில் மண் மெத்தை மாதிரி அமுங்கி எழுந்தது. பாத்துக்கலாம் அதன் மேல் நின்று இரண்டு குதி குதித்துக் காட்டினான்.

“ஒண்ணும் தெரியல பாரு.”

அவன் குதித்ததைப் பார்த்தபோது சின்னவளுக்கு அவனோடு இருபது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டது நினைவுக்கு வந்து வாய் கசந்தது.

வெள்ளிக்கிழமை பெரியவள் போன் பண்ணினாள்.

“ஏண்டி, கிரவுண்டு பக்கம் அப்படி ஒரு நாத்தம். வீட்ல உக்கார முடியல. நாயெல்லாம் அந்த மூலையில போய்ப் பறிக்குதுங்க. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?”

புருஷன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிடுகிற வாயோடு அவளைப் பார்த்தான்.

“தெரியலக்கா. நாய் கீய் செத்துக் கிடக்கும்.”

“நாய் ஒண்ணு செத்தா இப்படியா நாறும்? ஒரு படையே செத்த மாதிரில்ல நாறுது. சரி, உன் கோழி எப்படி இருக்கு? இந்தப் புழுக்கத்துல பத்திரமா பாத்துக்க. மருந்து தீர்ந்துட்டா சொல்லு, இன்னொரு பாட்டில் இருக்கு.”

“சரிக்கா.”

போனை வைத்ததும் அவன் கேட்டான், “என்னவாம்?” அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். புதன்கிழமையிலிருந்து எத்தனை தடவை கழுவியிருப்பாளோ, விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. நாற்றம் மட்டும் போகவில்லை.

சனிக்கிழமை விடிகிறபோதே மழை. ஊர் மொத்தமும் தெருவில் இறங்கி நனைந்தது. கிழவர் ஒருவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடுத்தெருவில் வாயைத் திறந்துகொண்டு நின்றார். பத்து மணி வரைக்கும் அது சந்தோஷம். பன்னிரண்டு மணிக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வானத்தில் யாரோ தொட்டியைக் கவிழ்த்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி, ஒரு வருஷத்து மழை இரண்டு நாளில் விழுந்தது. வெந்து இறுகிய நிலம் ஒரு சொட்டும் உள்ளே இழுக்கவில்லை. அத்தனையும் மேட்டிலிருந்து வழிந்து, பழைய வழியைத் தேடிக் கண்டுபிடித்துக் குளத்துக்கே போயிற்று. ஊர் பேரை மறந்தாலும் தண்ணீர் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாப்பின் கூரை மட்டும் தெரிந்தது. குளம் நிறைந்து, கரையின் தாழ்ந்த இடத்தில் வழிந்து, பள்ளத்தெருவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மழை விட்டது. பெரியவளின் போன் வந்தது. குரலில் அப்படி ஒரு துள்ளல். வெள்ளம் வடிந்த வீட்டில் சேறு வாரிக்கொண்டிருக்கிற பெண்பிள்ளையின் குரல் மாதிரியே இல்லை.

“அடியே, கிணறு நிறைஞ்சிருச்சுடி. கயிறே வேண்டாம், குனிஞ்சு மொண்டுக்கலாம். வீட்டுக்குள்ள முழங்கால் சேறு, ஆனா என்னமோ மனசு நிறைஞ்சிருக்கு. நாளைக்கு லாரித் தண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன். அஞ்சு வருஷம் கழிச்சு நம்ம கிணத்துத் தண்ணியில பிள்ளைங்களுக்குச் சமைக்கப் போறேன்.”

நூற்றிருபது பிள்ளைகள். ஒன்பது மணிக்கு அடுப்புப் பற்றவைப்பாள். புருஷன் எதிரில் நின்று, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

“அக்கா...”

“சொல்லுடி.”

“புதுத் தண்ணி. கொதிக்க வச்சுக் குடிங்க.”

பெரியவள் சிரித்தாள். “நம்ம கிணத்துத் தண்ணிக்கா? பொறந்ததுலருந்து குடிச்ச தண்ணிடி. பெரிய டாக்டரம்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

விடிந்ததும் சின்னவள் செருப்பைத் தேடினாள்.

“எங்க கிளம்பிட்ட?” என்று கேட்டான் பாத்துக்கலாம்.

“அக்காகிட்ட சொல்லப் போறேன். ஒன்பது மணிக்குள்ள சொல்லணும்.”

“என்னன்னு சொல்லுவ?”

“கோழியப் பொதைச்சோம்னு.”

அவன் வாசலில் குறுக்கே வந்து நின்றான். குரலை உயர்த்தவில்லை, அவன் உயர்த்துகிறவன் இல்லை. “சொன்னா கம்பெனி இனிமே ஒரு குஞ்சு குடுக்குமா? பள்ளத்தெரு ஆளுங்க நம்மள உசுரோட விடுவாங்களா? அடுப்புல வச்சாத் தண்ணி கொதிக்கத்தானே போகுது? கொதிச்சா எல்லாம் செத்துரும். நீயா போய் எதையாவது கிளப்பாத. பாத்துக்கலாம்.”

“குடிக்கிற தண்ணிய யாருங்க கொதிக்க வைப்பா? பிள்ளைங்க அண்டாவுலருந்து அப்படியே மொண்டுதான் குடிக்கும்.”

“நாலடிக்குக் கீழ கிடக்கு. அது எங்க வெளிய வரப்போகுது?”

“வாய்யா, நீயும் நானும் போய்ப் பாத்துட்டு வரலாம். வரலன்னா நான் சொல்லல.”

இருபது வருஷத்தில் அவள் அவனை ‘வாய்யா’ என்றது அதுதான் முதல் தடவை. அவன் என்ன சொல்லியிருப்பானோ, அதற்குள் படலைத் தள்ளிக்கொண்டு பெரியவளே வந்துவிட்டாள். இடுப்பு வரைக்கும் சேறு. ஒரு கையில் மூடி போட்ட வாளி, இன்னொரு கையில் சொம்பு. சொம்பின் மேல் ஒரு டம்ளர் கவிழ்த்திருந்தது.

“வாங்க அண்ணி” என்றான் பாத்துக்கலாம், முகத்தை ஒரே நொடியில் மாற்றிக்கொண்டு. “தெருவெல்லாம் எப்படி? ரொம்ப சேதமா?”

“இருக்கு மாப்ள. ஆனா கிணறு நிறைஞ்சிருச்சே, அது போதும். உங்களுக்கும் ஒரு வாய் கொண்டாந்தேன். முதல் தண்ணி.” வாளியைக் கீழே வைத்துவிட்டு, டம்ளரை நிமிர்த்தி நிறைய ஊற்றி நீட்டினாள். “குடிங்க மாப்ள.”

தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. பாத்துக்கலாம் அதைப் பார்த்தான். அப்புறம் பெரியவளின் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை. டம்ளரை வாங்கினான். சின்னவள் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தாள். மூடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் தலையைப் பின்னால் சாய்த்து, மடக் மடக்கென்று, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான். புறங்கையால் வாயைத் துடைத்தான். கண்ணில் நீர் கோத்திருந்தது.

“நல்லா இருக்கு அண்ணி. பழைய ருசி” என்றான்.

சீ, என்ன மனுஷன் இவன் என்று தோன்றியது அவளுக்கு. வேறு எதுவும் தோன்றவில்லை.

பெரியவள் டம்ளரை வாங்கித் திரும்பவும் நிறைத்துத் தங்கையிடம் நீட்டினாள். “நீ குடி.”

சின்னவள் வாங்கவில்லை.

“ஏண்டி?”

“வேண்டாம்க்கா. பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தண்ணிய எடுத்துட்டுப் போயிடாத. எடுத்துட்டுப் போயிருந்தா கொட்டிரச் சொல்லு. அதுல எங்க கோழி கிடக்கு.” பேசப் பேச மூச்சு வாங்கியது. “ரெண்டாயிரத்து அறுநூறு. என் தப்புல செத்துச்சு. வியாழக்கிழமை மத்தியானம் கொண்டுபோய் அந்த மூலையில போட்டோம். நீ போன்ல கேட்டப்ப நாய்னு சொன்னேன். நேத்தும் சொல்லல.”

பாத்துக்கலாம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பெரியவள் குனிந்து வாளியின் மூடியைத் திறந்தாள். நாற்றம் எழுந்து மூன்று பேர் முகத்திலும் அறைந்தது. உள்ளே இறகு பாதி உதிர்ந்து, வயிறு உப்பி, தோல் பச்சை பாரித்த ஒரு கோழி. முதுகில் கை அகலத்துக்கு ஊதாக் கறை. நாலு நாள் மண்ணிலும் தண்ணீரிலும் ஊறியும் அது மட்டும் போகவில்லை.

“விடியக்காலம் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி மொள்ளப் போனேன். வாளியில இது வந்துச்சு. கிணத்துக்குள்ள இன்னும் கிடக்கு, தெருவுல கிடக்கு, என் வீட்டு அடுப்பு மேட்டுல ஒண்ணு கிடக்கு. நான் குடுத்த மருந்து எனக்குத் தெரியாதா?” என்றாள். “லாரிக்குத் திரும்பவும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். பிள்ளைங்களுக்கு லாரித் தண்ணிதான். இந்தச் சொம்புலயும் மிச்சமிருந்த லாரித் தண்ணிதான்.”

பாத்துக்கலாம் நிமிர்ந்தான். “லாரித் தண்ணியா?”

“ஆமா மாப்ள. குடிக்கிறீங்களான்னு பாத்தேன். குடிச்சிட்டீங்க.”

அதைக் கேட்டதும்தான் அவனுக்கு உமட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குடித்த நல்ல தண்ணீரை எல்லாம் வாந்தி எடுத்தான். எடுத்து முடித்து, குந்தினவாக்கிலேயே சொன்னான், “எல்லாம் இந்த வானம் பண்ணின வேலை அண்ணி. வெயிலும் நம்ம கையில இல்ல, மழையும் நம்ம கையில இல்ல. உலகம் பூரா இப்படித்தான்னு டிவியிலயே சொல்றான்.”

“வானம் கெட்டுப்போனது நிஜம். கோழி செத்தது அதனாலன்னே வச்சுக்குவோம். அதுக்கு என் தங்கச்சி மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. கொண்டாந்து குளத்துல போட்டது வானமா?”

“கிரவுண்டுலதான் போட்டோம்...” என்று வாய் வரைக்கும் வந்ததை அவன் முழுங்கினான். பாதி வெளியே கேட்டுவிட்டது.

பெரியவள் அவனை விட்டுத் திரும்பினாள். தங்கையைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் கல் மாதிரி இருந்த முகம் அப்போதுதான் கொஞ்சம் அசைந்தது.

“கொதிக்க வச்சுக் குடின்னு சொன்னியே, அப்ப ஒரு நிமிஷம் இழுத்த. நான்தான் சிரிச்சிட்டு வச்சிட்டேன். வச்ச கையோட போய்க் கிணத்துல ஒரு சொம்பு மொண்டு குடிச்சேன். அஞ்சு வருஷ ஏக்கம்டி. நின்ன நிலையில முழுச் சொம்பும் குடிச்சேன்.” வாளியைப் பார்த்தாள். “இனிச்சுது.”

சின்னவளுக்குக் காலின் கீழே மண் அமுங்கி எழுந்த மாதிரி இருந்தது. அக்காவின் கையைப் பிடிக்கப் போனாள். பெரியவள் கையைக் கொடுக்கவில்லை. இழுத்துக்கொள்ளவும் இல்லை, இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா. இப்பவே.”

“போலாம். நான் மட்டும் குடிச்சேன்னு நினைக்காத, தெருவே குடிச்சிருக்கு. இன்னமும் மொண்டுக்கிட்டிருப்பாங்க. கிணத்துல கோழின்னு சொன்னேன், வெள்ளத்துல எங்கேயோ இருந்து அடிச்சுட்டு வந்த ஒண்ணு ரெண்டு, எடுத்துப் போட்டாச் சரியாயிரும்னு சொல்றாங்க. எத்தனைன்னு யாருக்கும் தெரியாது. யாரு சொல்றது?”

சின்னவள் குனிந்து வாளியை எடுத்துக்கொண்டாள். மூடியைப் போடவில்லை. “போகாதடி” என்று பின்னால் புருஷனின் குரல் கேட்டது. அந்தக் குரலில் இன்னும் ஒரு ‘பாத்துக்கலாம்’ மிச்சமிருந்தது. அவள் திரும்பவில்லை.

பள்ளத்தெருவில் சேற்றுக்குள் கால் புதைந்து புதைந்து எழுந்தது. சுவரெல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஈரக்கோடு. நனைந்த பாயும் தலையணையும் வாசல்தோறும் குவிந்து கிடந்தன. கிணற்றைச் சுற்றி ஏழெட்டுப் பேர். தையல்காரர் ஒரு நீளக் கம்பால் கிணற்றுக்குள் துழாவிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஒரு குடத்தை நிறைத்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த குடத்தையும் நிறைத்து இடுப்பில் வைத்திருந்தாள்.

“அதக் கொண்டுபோய் வேற எங்கயாச்சும் எறிங்கக்கா, இங்க ஏன் தூக்கிட்டு வர்றீங்க” என்றாள், மூக்கைச் சுளித்துக்கொண்டு.

சின்னவள் வாளியைக் கிணற்றடிக் கல்லின் மேல் வைத்தாள். ஊதாக் கறை மேலே தெரியும்படி கோழியைத் திருப்பிப் போட்டாள், கையால்தான்.

“இது எங்க கோழி. இந்த மருந்து நான் தடவினது. ஒண்ணு ரெண்டு இல்ல, ரெண்டாயிரத்து அறுநூறு கொண்டாந்து போட்டோம். யாரும் தண்ணி மொள்ளாதீங்க. குடிச்சவங்க எல்லாரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

தையல்காரருக்குச் சரியாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது. கம்பைப் பிடித்தபடியே கேட்டார்.

“எங்க போட்டீங்க? கிரவுண்டுலயா?”

சின்னவள் கரைப் பக்கம் பார்த்தாள். சேற்று நிறத்தில் அலையடித்துக்கொண்டு கிடந்தது. அங்கங்கே வெள்ளையாக மிதந்தது நுரை இல்லை.

“இல்லீங்க” என்றாள். “குளத்துல.”

தையல்காரரின் மனைவி இடுப்பிலிருந்த குடத்தைக் கவிழ்த்தாள். அப்புறம் நிறைத்து வைத்திருந்ததையும் கவிழ்த்தாள். கவிழ்த்த தண்ணீர் சேற்றோடு சேர்ந்து சின்னவளின் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அவள் நகராமல் நின்றாள்.